ரம்பேவ வரை ஒரே பாதை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முதலே சொல்லிவிடுகிறேன். பிறகு நடுவில் வந்து, ஏன் பிள்ளை இப்படி எரிந்து விழுகிறாய் என்று கேட்கக் கூடாது.

மன்னார் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு குளிர்பானக் கடை. கொழும்பிலிருந்து வந்த இரண்டு பேர், தலைக்கவசத்தில் கமரா பூட்டியவர்கள், என்னைக் கேட்டார்கள்: “சிஸ்டர், பொத்துவிலுக்கு பைக்ல போறோம். கரையோரமா போனா வடிவா, மலையால போனா வடிவா?”

நல்ல பிள்ளைகள். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. வடிவு பார்த்துப் பாதை பிடிக்கலாம் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. தோட்ட வேலைக்கென்று எங்கள் சனம் மலைக்கு ஏறியதும் எவனோ காட்டிய வழியால். இறங்கி ஓடியதும் எவனோ துரத்திய வழியால்.

“தெரியாது” என்றேன். வீட்டுக்கு வந்து மதுஷிகா என்றொருத்தியை எழுதத் தொடங்கினேன்.

2

முதல் தொடக்கம்: “காற்று அவளுடைய கூந்தலைக் கலைத்து விளையாட—”

(தலைக்கவசம் போட்டவளுக்குக் கூந்தல் எப்படிக் கலையும்? விட்டுவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: “இந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறக்கப்பட்டவர்கள் காடு வழியாக மாத்தளை வரைக்கும் நடத்திச் செல்லப்பட்டார்கள். வழியில் விழுந்தவர்களை—”

(இது பொய்யில்லை. ஆனால் இப்படித் தொடங்கினால் நீங்கள் முகத்தைக் கொஞ்சம் சோகமாக வைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றி நான் கட்டுரை வாசித்தபோது முன்வரிசையில் கொட்டாவி விட்டார்கள்.)

மூன்றாவது: “கடல் வழிதான் வேண்டும் என்று மதுஷிகா ஒற்றைக்காலில் நின்றாள்.”

இது நிற்கும். இவளைத்தான் எனக்கு விளங்கவில்லை.

3

மதுஷிகா மன்னாருக்குக் கிட்ட நானாட்டான் பக்கம். கலவரத்தில் தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டு இறங்கி வந்தவர்களுக்கு அங்கே ஒரு குடியிருப்பு. அவளுடைய தாய் பேச்சியம்மா சின்னப் பிள்ளையாக லொறியில் வந்தவள். பேச்சியம்மாவின் அக்கா மட்டும் மலையிலேயே தங்கிவிட்டாள். பண்டாரவளைக்குக் கிட்ட ஒரு தோட்டத்தில் இன்றைக்கும் தேயிலைக் கொழுந்து எடுக்கிறாள்.* பள்ளிக்கூட விடுமுறை எல்லாம் மதுஷிகா அந்த லயத்து வரிசை வீட்டில்தான். கம்பஸ் வந்த பிறகும் போனாள். தோட்டத்து ஆள் என்று தெரியக் கூடாதென்று கூட்டாளிகளிடம் மட்டும் கொழும்புக்குப் போனதாகச் சொன்னாள்.

(* தோட்டத்தின் பெயரைப் போடமாட்டேன். போட்டால் படம் எடுக்கப் போய்விடுவீர்கள்.)

அவளைக் கட்டப் போகிறவன் சிவரூபன், மன்னார் டவுன் பொடியன், கந்தோர் உத்தியோகம். கூட்டாளிகளோடு பொத்துவிலுக்கு மோட்டார் சைக்கிளில் போய் வந்ததும் அவனுடைய அம்மா பெண் பார்க்க வருவதாக இருந்தது. அந்தப் பயணத்துக்கு வழி தீர்மானிக்கத்தான் தலைமன்னாரில், ஜெனிற்றா வீட்டு முற்றத்தில் கூடினார்கள். ஜெனிற்றா அவர்களுடைய கம்பஸ் கூட்டாளி, கடற்தொழில் செய்கிற வீட்டுப் பிள்ளை, தமையனின் மோட்டார் சைக்கிளைக் கேட்காமலே எடுத்து ஓடுகிறவள்.

“கடலைப் பாக்கிறதுக்கு நான் ஏனடி தெற்கால காலி வரைக்கும் போகோணும்?” என்றாள் ஜெனிற்றா. “எங்கட வீட்டுக் கோடிக்குள்ள கடல் கிடக்கு. விடிஞ்சா அதின்ர மூஞ்சியிலதான் முழிக்கிறன். மலையால போவம். ஒருக்கா குளிரில நடுங்கிப் பாக்கோணும்.”

“கடல்தான் நல்லம்” என்றான் சிவரூபன். போனில் வரைபடத்தைத் திறந்து காட்டினான். நீலக்கோடு மறிச்சுக்கட்டியைத் தொட்டுக் கரையோரமாகவே புத்தளத்துக்கு இறங்கியது.

“மறிச்சுக்கட்டிக்கு அங்கால வில்பத்துக் காடு. பைக்கை விடாங்கள். உங்கட போனுக்கு யானையைத் தெரியாது போல” என்று சிரித்தாள் ஜெனிற்றா. “கடலுக்குப் போறதெண்டாலும் மதவாச்சியால சுத்தித்தான் போகோணும். ரம்பேவ மட்டும் ஒரே பாதை. அங்க வலப்பக்கம் திரும்பினா அநுராதபுரம், புத்தளம், கடல். நேர போனா தம்புள்ளை, கண்டி, மலை. சரி, மலை எண்டு முடிப்பமே?”

“வேண்டாம்” என்றாள் மதுஷிகா.

“ஏன்?”

இங்கேதான் அவள் பிழை விட்டாள். பிடிக்கவில்லை என்று ஒரு சொல்லோடு விட்டிருக்கலாம். படித்தவள் அல்லவா, காரணம் சொல்ல வெளிக்கிட்டாள்.

“அப்புத்தளைக்கு மேல பின்னேரத்தில பனி மூடினா முன்சில்லே தெரியாது. இறங்கேக்க பிரேக்கைப் பிடிச்சுக்கொண்டே போனா சூடேறிப் பிடிக்காமல் விடும். ரெண்டாம் கியரில விட்டு இறங்கோணும். மழை பெய்தா லயத்துக்குப் போற ரோட்டெல்லாம் சவர்க்காரம் மாதிரி வழுக்கும். புல்லுக்குள்ள காலை வச்சா அட்டை. அதைப் பிடிச்சு இழுக்கக் கூடாது, உப்பு வைக்கோணும்…”

ஜெனிற்றா வாயைப் பிளந்துகொண்டு கேட்டிருந்தாள். “என்னடி இவள், மலையில பிறந்து வளந்தவள் மாதிரிக் கதைக்கிறாள்!”

“யூரியூப்பில பாத்திருப்பா” என்றான் சிவரூபன்.

மதுஷிகா வாய் திறப்பதற்கு முன்னமே சொன்னான். அந்த அவசரம்தான் அவளைச் சுட்டது. தெரியாதவன் இவ்வளவு கெதியாக மூடி மறைக்க மாட்டான்.

4

(இந்தப் பகுதியில் மலைநாட்டு மக்களின் வரலாற்றை விரிவாக எழுதியிருந்தேன். அழித்துவிட்டேன். மதுஷிகா சிவரூபனின் மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் வீடு திரும்புகிறாள். தலைக்குள் ஒரே கேள்விதான் ஓடுகிறது. அவளை நிறுத்திவைத்து உங்களுக்கு வகுப்பு எடுக்க முடியாது.)

5

மன்னார்ப் பாலத்தடியில் நிற்பாட்டச் சொன்னாள். இரண்டு பக்கமும் கலங்கல் தண்ணீர்.

“உமக்குத் தெரியும், என்ன?”

“என்னது?”

“நடிக்காதையும், சிவா.”

தலைக்கவசத்தைக் கழற்றினான். “தெரியும்.”

“எப்ப தொட்டு?”

“முதலே. உங்கட குடியிருப்பின்ர பேரைச் சொன்னா மன்னாரில ஆருக்கு விளங்காது?”

“அப்ப ஏன் ஒருநாளும் கேக்கேல்ல?”

“கேட்டா உமக்கு நோகும். அதுதான் நானும் கடல் எண்டனான். மலையால போய் உங்கட ஆக்கள் ஆரையும் கண்டு, ஜெனிற்றாக்கு முன்னால உமக்கு ஒரு மாதிரி…”

“எனக்கு ஒரு மாதிரியோ, உமக்கோ?”

“மதுஷி, நான் இதைப் பெரிசா எடுக்கேல்ல. நம்பும். அம்மாக்கு மட்டும் இப்ப வேண்டாம். உங்கட ஊர் முருங்கன் எண்டு சொல்லி வச்சிருக்கிறன். பொம்பிளை பாக்கிறதையும் வீட்டில வேண்டாம், திருக்கேதீச்சரக் கோயிலில வைப்பம், எல்லாரும் அப்பிடித்தானே செய்யினம்.” பிறகு, கொஞ்சம் தணிந்த குரலில்: “உங்கட அம்மாவை அங்க கனக்கக் கதைக்க வேண்டாம் எண்டு சொல்லும். கதைச்சா தோட்டத்துப் பேச்செண்டு பிடிபட்டிடும்.”

இந்த இடத்தில் அவள் அவனுக்குக் கன்னத்தில் ஒன்று கொடுப்பதாக எழுதினேன். கை எழும்பவில்லை. என்னுடைய கையல்ல, அவளுடையது. ஏன் என்று அவளையே கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவளுடைய பட்டமளிப்பு நாள் ஞாபகத்தில் வந்தது. மண்டபத்துக்கு வெளியே, சிவரூபனும் மற்றவர்களும் படம் எடுக்க வந்துகொண்டிருக்க, மதுஷிகா தாயின் காதோடு சொன்னாள்: “அம்மா, இவங்க முன்னால சத்தமா பேசாதீங்க.” பேச்சியம்மா அன்று முழுக்க வாயே திறக்கவில்லை. படத்தில் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு சிரிக்கிறாள். பார்த்தவர்கள் எல்லாம் அடக்கமான மனுசி என்றார்கள்.

அவன் கேட்டது புதிதில்லை. அவள் பழக்கிக் கொடுத்ததைத்தான் கேட்டான்.

ஆனாலும் அந்தப் “பெரிசா எடுக்கேல்ல” என்ற சொல் எனக்குச் செமிக்கவில்லை. பெரிதாக எடுக்க அதில் என்ன இருக்கிறது? குற்றமா செய்தோம், மன்னித்து விடுவதற்கு? எங்களை ஏசுகிறவனோடு எனக்குச் சண்டை பிடிக்கத் தெரியும். எங்களைப் பொறுத்துக்கொள்கிறவனை என்ன செய்வது?

6

கடல் என்றே முடிவாயிற்று, இரண்டுக்கு ஒன்று. ஜெனிற்றா முறுமுறுத்துக்கொண்டு ஒத்துக்கொண்டாள். வெளிக்கிடும் காலை, எந்த வழி என்று சரியாகத் தெரியாத பேச்சியம்மா பொதி சோற்றைக் கையில் தந்து சொன்னாள்: “மலப்பக்கம் போனா பெரியம்மாவ பாக்காம வந்துறாத. மாப்பிள்ளைய காட்டிட்டு வா. அக்கா ஆசப்பட்டுக்கிட்டே இருக்கு.”

இனி முடிவுகள்.

(அ) கடல். நீர்கொழும்பு, காலி, மாத்தறை என்று வழி நெடுகக் கடல் வடிவாகவே இருக்கும். கலியாணம் நடக்கும். பேச்சியம்மா கோயில் வீதியில் உதட்டை இறுக்கிச் சிரிப்பாள்; பிறகு பேரப்பிள்ளையின் பிறந்தநாளிலும். இது ஊரில் நெடுக நடக்கிறது. எழுதி மினக்கெடத் தேவையில்லை.

(ஆ) மலை. பெரியம்மா லயத்து வாசலுக்கு ஓடி வந்து சிவரூபனின் கன்னத்தைத் தடவுகிறாள். தேத்தண்ணி ஊற்றித் தருகிறாள். குடித்து முடிக்கும்போது அவன் கண் கலங்கி— (அடித்துவிட்டேன். ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் மனிதர் திருந்துவதென்றால் இந்த நாடு எப்போதோ திருந்தியிருக்க வேணும்.)

(இ) மதவாச்சியில் மதுஷிகா இறங்கிக்கொள்கிறாள். தனியே கண்டி பஸ் ஏறுகிறாள். இது எனக்குப் பிடித்திருந்தது. கை தட்டுவீர்கள் என்று தெரியும். ஆனால் வாசித்துப் பார்த்தபோது ஜெனிற்றா பக்கத்தில் நின்று கேட்பது போலிருந்தது: “அவளை ஏனடி பஸ்ஸில ஏத்துறாய்? அவளுக்கு ஹான்டிலைக் குடுக்க உனக்கே மனம் வரேல்லையோ?”

சரி. கொடுக்கிறேன்.

7

செட்டிகுளத்தில் தேத்தண்ணிக்கு நின்றபோது மதுஷிகா கை நீட்டினாள். “பைக்கின்ர திறப்பைத் தாரும். நான் ஓடுறன்.”

“நீரோ?”

“லைசன் இருக்கு. பின்னால ஏறும்.”

ஜெனிற்றா விசில் அடித்துவிட்டுத் தமையனின் மோட்டார் சைக்கிளில் முன்னால் பறந்தாள். சிவரூபன் பின்சீட்டில் இருந்துகொண்டு வளைவுக்கு வளைவு “மெல்ல, மெல்ல” என்றான். மதவாச்சி கழிந்தது. இந்த வீதியால்தான் அவளுடைய ஆட்கள் நடந்து போனதும், லொறியில் திரும்பி வந்ததும். அதை அவள் நினைத்தாள் என்று எழுத எனக்கு ஆசை. நினைக்கவில்லை. பின்னால் லொறி வருகிறதா என்று கண்ணாடியைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

ரம்பேவ. ஜெனிற்றா ஏற்கெனவே வலப்பக்கம் திரும்பி, நிழலில் நின்று கை காட்டுகிறாள். மதுஷிகா சந்தியின் நடுவில் பிரேக்கைப் பிடித்து ஒரு காலை ஊன்றுகிறாள். என்ஜின் நிற்கவில்லை.

“வலம், மதுஷி” என்கிறான் சிவரூபன். “வலப்பக்கம்.”

அவள் கேட்கிறாள்: “பெரியம்மா வீட்ட வாறீரோ?”

“இப்பவோ?”

“இப்ப. வந்தா உம்மட அம்மாக்கும் சொல்லோணும். பொம்பிளை பாக்க எங்கட வீட்டுக்கு வரட்டும். எங்கட அம்மா கதைப்பா. வாய் நோகுமட்டும் கதைப்பா.”

அவன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியும். இரண்டு விதமாகவும் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டையும் தரமாட்டேன். அவன் பதிலில் அவள் பாதை தங்கியிருக்கிறது என்று நீங்கள் எண்ணிவிடுவீர்கள்.

நீங்கள் அவளுக்குப் பின்னால் வாகனத்தில் நிற்கிறீர்கள். வழியை மறித்துக்கொண்டு ஒருத்தி. உங்களுக்கு அவசரம். எந்தப் பக்கம் போக வேணும் என்று யன்னலால் எட்டிச் சொல்ல வாயும் துடிக்கிறது. அவளுடைய சனத்துக்கு வழி காட்ட, ஆள் பிடித்து மேய்க்கிற கங்காணிகளுக்கு ஒருபோதும் பஞ்சம் இருந்ததில்லை; இன்னொரு கங்காணியாக நான் வரமாட்டேன்.

ஹோர்ன் அடிப்பதென்றால் நீங்கள் அடியுங்கோ.