மூன்று மெல்லிய வளையங்கள்

வசந்தாமணிக்கு ஒரே ஒரு பதில்தான் வேண்டியிருந்தது: மரம் பிழைக்கும். வேறு எதைச் சொல்வதென்றாலும் அந்த மர வைத்தியர் ரவுண்ட் ராக் ஊர் வரை வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டியதில்லை.

மகள் அஞ்சனா பிறந்த 2010இல் வீட்டுக்குப் பின்னால் நட்ட பீக்கன் என்ற கொட்டை மரம் அது. அஞ்சனாவைப் பன்னிரண்டு வயதில் மூளைக்கட்டி கொண்டுபோய்விட்டது. மரம் மட்டும் வளர்ந்தது. மகள் இருந்திருந்தால் என்ன வயதோ, அது மரத்தின் வயது. வீட்டை விற்றுவிட்டு பிளானோ பக்கம் போய்விடலாம் என்று கணவர் மயில்சாமி இரண்டு முறை பேச்செடுத்தார். இரண்டு முறையும் அவள் சோற்றில் கை வைக்கவில்லை. மனிதர் வாயை மூடிக்கொண்டார்.

இந்த மே மாதம் தெருவிலுள்ள பீக்கன் மரங்களெல்லாம் பச்சைப் பசேலென்று நிற்க, இது மட்டும் நுனி கருகிய நாலு இலையோடு நின்றது.

வைத்தியர் போன வாரம் மண் எடுத்துப் போயிருந்தார். இன்று உள்ளே குழலாக இருந்த துளைப்பானை அடிமரத்தில் திருகி, பென்சில் பருமனில் ஒரு குச்சியை உருவி மேசைமேல் வைத்தார். நல்ல மனிதர், ஆனால் விளக்கம் சொல்லாமல் இருக்கத் தெரியாதவர். வசந்த காலத்தில் மரம் வேகமாக வளரும், அது வெளிறிய அகலமான பட்டை. கோடை முடிவில் வளர்ச்சி மந்தமாகும், அது இருண்ட ஒடுக்கமான கோடு. இரண்டும் சேர்ந்தால் ஒரு வளையம், ஒரு வருடம். அவர் உள்ளிருந்து எண்ண, வசந்தாமணியும் உதடு அசைய எண்ணினாள். இரண்டாவது வளையம் மெலிந்திருந்தது. 2011 வறட்சி என்றார். மறு வருடமே மரம் தேறிவிட்டிருந்தது. அதன்பின் தாராளமான வளையங்கள், பன்னிரண்டு வரை. கடைசி மூன்றைப் பிரித்துப் பார்க்க அவருக்கு லென்ஸ் வேண்டியிருந்தது.

“இதுவும் வறட்சிதானே?” என்று முந்திக்கொண்டு கேட்டாள்.

“வறட்சி உங்கள் வீட்டுக்கு மட்டும் வராது. மண்ணில் அளவுக்கு மீறி உப்பு இருக்கிறது. யாராவது இங்கே உப்புக் கொட்டினீர்களா?”

மயில்சாமி சட்டென்று சொன்னார், “உப்புத் தண்ணீர் போகிற வாட்டர் சாஃப்ட்னர் பைப் லீக். நான்தான் கவனிக்கவில்லை.”

அந்தக் குழாய் வீட்டின் முன்பக்கம் இருந்தது. வைத்தியர் தலையாட்டினார். பட்டைக்கு அடியில் இந்த வருட வளையம் தொடங்கவே இல்லை, இனி தொடங்காது என்று சொல்லிவிட்டுப் போனார். பதினைந்தோடு முடிந்தது.

அஞ்சனா இருந்தவரை, வசந்தாமணி அவளுக்குக் கண்ணேறு கழிய உப்பும் மிளகாயும் சுற்றி சிங்க்கில் கரைத்துவிடுவாள். மகள் போன பிறகு, மரம் என்னமாய் வளர்ந்திருக்கிறது என்று விருந்துக்கு வந்த யாரோ வாயைப் பிளந்தார்கள். ஒன்றைக் கண்ணேறுக்குக் கொடுத்தது போதும். அன்றிலிருந்து வசந்தாமணி வெள்ளிதோறும் குளித்துவிட்டு, இரண்டு கை கல்லுப்பை மரத்தைச் சுற்றி வேரில் போட்டாள். இலை பழுக்கப் பழுக்க, கண் பலமாகப் பட்டிருக்கிறது என்று உப்பைக் கூட்டினாள். கடைசியில் ஒரு பாக்கெட்டே போனது.

“நானே கொன்னுபோட்டனுங்க,” என்றாள்.

மயில்சாமி துளைப்பான் போட்ட ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தாளுகிட்ட எதுக்குங்க பொய் சொன்னீங்க? உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?”

“போன வருஷமே தெரியும். இலை கருகறதப் பாத்து ஆன்லைன்ல சர்ச் பண்ணுனேன்.”

“அப்பவே ஸ்டாப் பண்ணச் சொல்லியிருக்கலாமல்லங்க?”

“வாரத்துல அந்த ஒரு நாள்தான் நீ எந்திரிச்சு, தலைக்கு ஊத்தி, வெளிய வந்தே வசந்தா. மரம் போனாப் போகுதுன்னு விட்டுட்டேன்.”

அவரைத் திட்ட வேண்டும் என்று நினைத்தாள். திட்டுவதற்குக்கூட உடம்பில் தெம்பில்லை. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை மயில்சாமி காப்பியை வைத்துவிட்டு, கட்டிலருகே வெகுநேரம் நின்றார். அவர் எதற்காக நிற்கிறார் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள்.