நீரோவின் வக்கீல்

வாசகசாலையின் பின்னறையில் ஞாயிறுதோறும் செத்துப்போன ராஜாக்களுக்கு விசாரணை நடக்கும். நீதிபதிகள் ஐந்து கிழங்கள். ஐந்து வாயையும் துழாவினால் பத்துப் பல் தேறாது. ராஜா குற்றவாளி என்று பட்டால் தேநீர் டம்ளரைக் கவிழ்க்க வேண்டும். கவிழ்க்காவிட்டால் விடுதலை. செங்கிஸ்கானுக்கு டம்ளர் கவிழ்ந்த சத்தத்தில் தெருநாய்கள் ஊரைவிட்டே ஓடிவிட்டன.

அன்றைக்கு ரோம் ராஜா நீரோ. அவனுக்காக எழுந்தவர் பஞ்சுக் கிடங்கின் பழைய ஸ்டோர்கீப்பர். எதிர்த்து வாதாடியவர் அவருடைய அக்கா புருஷன்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்தக் கிடங்கும் எரிந்தது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த மூட்டை தூக்குகிறவன், மச்சானின் சொந்தத் தம்பி, கரிக்கட்டையாகத்தான் வெளியே வந்தான். எட்டிப் பார்க்காமல் கதவைப் பூட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனவர் ஸ்டோர்கீப்பர். முதல் ஆளாக ஓடிவந்து பூட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டவரும் அவரே. "கதவு தொறந்துதான் கெடந்துச்சு. பீடியப் பத்தவச்சுட்டுத் தூங்கியிருப்பான்" என்று போலீஸ் விசாரணையில் சொன்னார். பெண்டாட்டி போனபின் மூன்று வேளையும் அக்கா வீட்டில்தான் கை நனைக்கிறார். உண்மை தெரிந்தால் அந்த வாசற்படியும் போச்சு.

"ஊரே பத்தி எரியறப்போ பிடில் வாசிச்ச பயலுக்கு என்ன மாப்ள வக்காலத்து?"

"அப்ப பிடிலே கெடையாது மச்சான். நீங்க கூட இருந்து வாயால வாசிச்சீங்களா?"

கிழங்கள் சிரித்த சிரிப்பில் கூரையில் நாலு ஓடு நகர்ந்தது.

"ஆளு ஊர்லயே இல்ல மச்சான். சேதி கேட்டு ஓடி வந்தான். வீடில்லாதவங்களுக்குத் தன் தோட்டத்தையே தொறந்துவிட்டான்."

"பெத்த தாயைக் கொன்னானே?"

"அது வேற கேசு!"

மறுபடி சிரிப்பு. மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. "தப்பே பண்ணாதவன் எதுக்குக் கிறிஸ்தவங்கதான் தீ வச்சாங்கன்னு அடுத்தவன் தலையில பழியப் போட்டான்?"

ஸ்டோர்கீப்பருக்கு நெஞ்சில் நெருப்பு விழுந்தது. அதற்கப்புறம் நாக்கு அவர் பேச்சைக் கேட்கவில்லை.

"பயம் மச்சான்! மனுசனுக்குப் பயம் வராதா? சாப்பிடப் போறவன் பூட்டிட்டுத்தானே போவான்? உள்ள ஒருத்தன் தூங்கறான்னு ஜோசியமா பாக்க முடியும்?"



"ரோம்ல எந்தக் கதவ மாப்ள பூட்டினான்?" என்றார் மச்சான், மெதுவாக.

  ஐந்து கிழங்களும் ஆளுக்கொரு டம்ளரைப் பிடித்தபடி மேஜையையே பார்த்தன. ஒரு கையும் அசையவில்லை. சட்டப்படி நீரோ விடுதலை.

மச்சான் எழுந்து வந்தார். ஸ்டோர்கீப்பரின் முன்னால் குடிக்காமல் இருந்த டம்ளரை எடுத்துக் கவிழ்த்தார். சூடான தேநீர் மேஜை விளிம்பில் வழிந்து ஸ்டோர்கீப்பர் மடியில் கொட்டியது. அவர் துடைக்கவில்லை.

"ஒம்பது வருசமா நான் செத்தவனத் திட்டிட்டிருந்தேன் மாப்ள" என்றார் மச்சான். "உங்கக்காகிட்ட நானே சொல்லிக்கறேன். சாப்பாட்டுக்கு வராத."