தானாக வந்த ஆஸ்டர்

பிடுங்குவது கர்ட்டிஸ் லூமிஸுக்குப் புதிதல்ல. ஓய்வு பெறும்வரை பல் மருத்துவராக இருந்தார். ஓய்வுக்குப் பிறகு, இந்த மண்ணுக்கே உரிய செடிகளைக் காக்கும் எங்கள் ஊர் 'மண்ணின் செடிகள்' சங்கத்துக்குத் தலைவரானார். எது கெட்டது, எது நல்லது என்பதை வாய்க்குச் சொந்தக்காரரைக் கேட்காமல் முடிவு செய்யும் பழக்கம் அவரோடு கூடவே வந்தது.

பெர்னடெட் ஹுடாக் என் பக்கத்து வீட்டுக்காரி; எங்களுக்கெல்லாம் பெர்னி. காப்பீட்டு நிறுவனத்தில் விபத்து நஷ்டங்களை மதிப்பிடும் வேலையில் இருந்தவள். எதிரில் இருப்பவர் பொய் சொல்வதைக் கண்டுபிடிப்பது வேலையின் பாதி. கண்டுபிடித்ததை முகத்தில் காட்டாமலிருப்பது மீதிப் பாதி.

அவள் வீட்டுக்குப் பின்னால் மூன்று ஓக் மரங்கள். அவற்றின் கீழே புல் வளராது. அவள் கணவர் ரே இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் புல் விதை தூவுவார். ஒவ்வொரு கோடையிலும் அது சாகும். கடைசியில் ரே ஃப்ளோரிடாவுக்குப் போனார், இன்னொருத்தியோடு. பாதி மூட்டை புல் விதை கராஜில் மிச்சமிருந்தது. பெர்னி அதைப் புறாக்களுக்குப் போட்டாள்.

பிறகு மரத்தடியில் காட்டு ஆஸ்டர் நட்டாள். நாற்றுகளைச் சங்கத்தின் விற்பனையில் வாங்கினாள். அவளுக்கு விற்றவர் கர்ட்டிஸ்தான். நிழலுக்கு இதைவிட நல்ல செடி இல்லை என்று அவர் சொன்னார். அது உண்மை. அவர் சொன்னவற்றில் நான் உண்மையென்று கண்டது அது ஒன்றுதான்.

காட்டு ஆஸ்டர் கோடை முழுக்க வெறும் இலை. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். செப்டம்பர் முடிவில், மற்ற பூக்களெல்லாம் கருகி நிற்கும்போது, இது பூக்கும். சுண்டுவிரல் நகம் அளவுக்கு நீலப் பூக்கள், நூற்றுக்கணக்கில். மயிர் அடர்ந்த பெரிய தேனீக்கள் குளிர்காலத் தூக்கத்துக்கு முன் கடைசியாக வந்து குடிப்பது இதில்தான். குளிர்ந்த காலைகளில் பறக்கத் தெம்பில்லாமல் பூவிலேயே ஒட்டிக் கிடக்கும். பெர்னி காப்பிக் கோப்பையோடு போய் நிற்பாள். வெயில் ஏறி அவை கிளம்பும்வரை நிற்பாள். பிறகு உள்ளே போவாள். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச மாட்டாள். நான் ஓட்டும் பள்ளிப் பேருந்தை எடுக்கப் போகும்போது வேலிக்கு மேலே தினமும் பார்ப்பேன்.

நாலாவது வருடம் நகராட்சியிலிருந்து அறிவிப்பு வந்தது. யாரோ புகார் செய்திருந்தார்கள். எங்கள் ஊரில் செடி முழங்காலுக்கு மேல் வளர்ந்தால் ஆள் வந்து வெட்டுவார்; மண் வெறுமையாகக் கிடந்தால் அதே ஆள் வந்து புல் விதைப்பார். இரண்டுக்கும் செலவு வீட்டுக்காரருடையது. விதிவிலக்கு ஒன்றே ஒன்று: 'உயிரினங்களுக்கு உகந்த தோட்டம்' என்ற பலகை வேலியில் இருக்க வேண்டும். அந்தப் பலகையைக் கொடுப்பது சங்கம். அக்டோபருக்குள் பலகை வராவிட்டால் மரத்தடி மறுபடி புல்தரை.

"ரே ஆவி வந்து விதை தூவுன மாதிரி இருக்கும்" என்றாள் பெர்னி.

"ரே இன்னும் சாகலையே" என்றேன்.

"எனக்குத் தெரியாதா ஸ்டான்? கிறிஸ்துமஸுக்குக் கார்டு வருது."

ஏப்ரலில் கர்ட்டிஸ் பார்வையிட வந்தார். ஆஸ்டர் அப்போதுதான் மண்ணைவிட்டு எட்டிப் பார்த்திருந்தது. அவர் கண்ணில் அது படவில்லை. வேலியோர மூலையில் பூண்டுக் கடுகு நாலைந்து நின்றது, அது பட்டது. சொத்தைப் பல்லைப் பார்த்ததுபோல் உதட்டைப் பிதுக்கினார்.

பூண்டுக் கடுகு ஐரோப்பாவிலிருந்து வந்த களை. வந்த இடத்தில் காட்டையெல்லாம் பிடித்துக்கொண்டு, இங்கே இருந்தவற்றை விரட்டுகிறது. நாங்களும் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள்தான். சங்கக் கூட்டத்தில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

கர்ட்டிஸ் யோசனை சொன்னார். மே மாதக் களைபிடுங்கு நாளில் சங்கத்தார் வந்து அந்த மூலையை இலவசமாகச் சுத்தம் செய்வார்கள். இலையுதிர்காலத்தில் பூவைப் பார்த்துவிட்டுப் பலகை தருவார்கள். பெர்னி சரி என்றாள். வேலிக் கதவைப் பூட்டவில்லை.

களைபிடுங்கு நாள் எங்கள் பக்கத்தில் ஒரு திருவிழா. பக்கத்து ஊர்ச் சங்கத்தோடு போட்டி. பிடுங்கிய பூண்டுக் கடுகைக் கறுப்புப் பைகளில் கட்டி, தேவாலயத்துக்குப் பின்னால் தராசில் நிறுப்பார்கள். எடை கூடிய ஊருக்குக் கோப்பை. போன வருடம் தோற்றிருந்தோம். தோற்ற சங்கம் கண்ணில் பட்டதையெல்லாம் பிடுங்கும்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் பெர்னி வீட்டில் இருக்க மாட்டாள். தேவாலய மண்டபத்தில் பெண்கள் பியரோகி கிள்ளும் நாள். மாவு வட்டத்தில் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்து, மடித்து, ஓரத்தைக் கிள்ளி மூட வேண்டும். விற்கும் காசில் கூரைக்கு ஓடு மாற்றுகிறார்கள். எனக்கு விவரம் தெரிந்த நாளாக அந்தக் கூரை ஒழுகுகிறது.

சங்கத்தார் காலையில் ஓடையோரம் போனார்கள். அங்கே நிஜமான பூண்டுக் கடுகு. கை சலிக்கப் பிடுங்கினார்கள். பிறகு பெர்னியின் மரத்தடிக்கு வந்தார்கள். கர்ட்டிஸ் பாடம் எடுத்தார்: இலை இதய வடிவத்தில் இருக்கும், ஓரம் பல் பல்லாக இருக்கும், சந்தேகம் வந்தால் கசக்கி மோந்து பாருங்கள், பூண்டு வாசனை வந்தால் அதுதான். காட்டு ஆஸ்டரின் இளம் இலையும் இதய வடிவம். ஓரமும் பல் பல்லாகத்தான் இருக்கும். அவர்கள் கசக்கினார்கள். மோந்தார்கள். பூண்டு வாசனை வந்தது. காலை முழுக்கப் பூண்டுக் கடுகு பிடுங்கிய கையுறை அது. அன்று அந்தக் கையுறையால் ரோஜாவைக் கசக்கியிருந்தாலும் பூண்டு வாசனைதான் வந்திருக்கும். படித்தவர்கள் பத்துப் பேர் அங்கே இருந்தார்கள். கையுறையைக் கழற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை.

மத்தியானம் பேருந்தை நிறுத்திவிட்டுப் பியரோகி வாங்கப் போனேன். தேவாலயத்துக்குப் பின்னால் ஒரே கூட்டம். பெர்னி ஏப்ரனோடு, எடை போடுகிறவர்களுக்கு ஒரு தட்டு பியரோகி எடுத்துக்கொண்டு வந்தாள். வாய் திறந்திருந்த ஒரு பைக்குள் பார்த்தாள். தட்டை என்னிடம் கொடுத்தாள். பைக்குள் கையை விட்டு ஒரு செடியை வேரோடு எடுத்தாள்.

"இது எங்கேருந்து வந்தது?" என்றாள்.

"உங்க தோட்டத்துலேருந்துதான். நாலு பை" என்றார் கர்ட்டிஸ். "உங்க புண்ணியத்துல இந்த வருஷம் நாம ஜெயிச்சிட்டோம், பெர்னி."

கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். கர்ட்டிஸ் அதே கையுறையோடு ஒரு இலையைக் கசக்கி அவள் மூக்கருகே நீட்டினார். "மோந்து பாருங்க, தெரியும்."

அவள் மோந்தாள். கையில் செடியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அவள் பார்வை கர்ட்டிஸின் காருக்குப் போனது. பின் இருக்கையில் பலகைகள் அடுக்கியிருந்தன.

"ஆமா. பூண்டு வாசனைதான்" என்றாள்.

செடியைப் பைக்குள் வைத்தாள். என்னிடமிருந்து தட்டை வாங்கி எல்லோருக்கும் நீட்டினாள். கர்ட்டிஸ் மூன்று எடுத்துக்கொண்டார்.

பிறகு, மிகச் சாதாரணமாக, உரத்துக்கு ஆகுமென்று அந்தப் பைகளைக் கேட்டாள். கூடாது என்றார். சங்க விதி. ஒரு வேர் தப்பினாலும் ஆபத்து. பைகள் குப்பைமேட்டு வெயிலில் வேக வேண்டும். பைகளை அவரே வண்டிக்கு இழுத்தார். ஒன்று படிக்கல்லில் உரசிக் கிழிந்து, பாதிக்குமேல் தேவாலயக் கொட்டகைக்குப் பின்னால் கொட்டியது. எடை போட்டாகிவிட்டதால் யாரும் அதைக் குனிந்து பார்க்கவில்லை. நானும்தான்.

வீட்டுக்கு நடக்கும்போது, முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்க வேண்டியதுதானே என்று அவளிடம் கேட்டேன்.

"சொல்லி?" என்றாள். "செடி போச்சு. சொன்னா பலகையும் போகும்."

மரத்தடி உழுதுபோட்ட மாதிரி கிடந்தது. தப்பிய துண்டு வேர்கள் ஜூலையில் இரண்டு மூன்று இலை விட்டன. முயல்கள் அவற்றைத் தின்றன. முயல்களைக் குறை சொல்ல முடியாது. அவை எந்தச் சங்கத்திலும் உறுப்பினர் இல்லை.

செப்டம்பர் முடிவில் கர்ட்டிஸ் இரண்டு பெண்களோடு பார்வையிட வந்தார். வெறும் மண்ணைப் பார்த்தார்கள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"இலையுதிர்காலப் பூ ஒண்ணுகூட இல்லையே பெர்னி" என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நம்பிக்கை இழக்க வேண்டாம் என்றார் கர்ட்டிஸ். ஞாயிறு பூசைக்குப் பிறகு தேவாலயத்துக்குப் பின்னால் வரச் சொன்னார். இயற்கை என்ன செய்யும் என்பதை அங்கே வந்து பார்த்தால் அவளுக்கு உற்சாகம் வருமாம்.

போனோம். கொட்டகைக்குப் பின்னால், ஈரமான இலைக்குப்பைக்கு நடுவில், காட்டு ஆஸ்டர் இடுப்பளவு நின்றது. முழுக்க நீலம். தேனீக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. பெர்னி பக்கத்தில் போய் நின்றாள். காப்பிக் கோப்பை மட்டும்தான் இல்லை.

நாற்பது பேர் கூடியிருந்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகைப் பெண்ணும் நகராட்சி உறுப்பினரும் இருந்தார்கள். கர்ட்டிஸ் பேசினார். யாரும் நடவில்லை, யாரும் விதைக்கவில்லை, தானாக வந்தது என்றார். அந்நியக் களையை அகற்றிவிட்டு நாம் ஒதுங்கி நின்றால் போதும், மண் தன் பிள்ளைகளைத் தானே கூப்பிட்டுக்கொள்ளும் என்றார். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் கண்ணில் நீர் வந்தது. இருமல்போல் காட்டிச் சமாளித்தேன்.

பேச்சு முடிந்ததும் பெர்னி கையைத் தூக்கினாள்.

"ஒரு சந்தேகம் கர்ட்டிஸ். இங்கே நீங்க களை பிடுங்கினீங்களா?"

"இங்கே எடை மட்டும்தான் போட்டோம்."

"என் தோட்டத்துல?"

"அங்கே ஒண்ணு விடாம பிடுங்கினோம்."

"எடை போட்ட இடத்துலேயே இவ்வளவு வந்திருக்கு. அப்ப ஒண்ணு விடாம பிடுங்கின இடத்துல?"

பத்திரிகைப் பெண் எழுதத் தொடங்கினாள். கர்ட்டிஸ் அந்தப் பேனாவைப் பார்த்தார்.

"வரும்" என்றார். "நிச்சயமா வரும். இயற்கைக்கு அவகாசம் கொடுக்கணும்."

"நானும் கொடுப்பேன். நகராட்சி அடுத்த வாரம் புல் விதைக்க வருது. விதைச்சிட்டா உங்க பேச்சு சரியா தப்பான்னு யாருக்குமே தெரியாமப் போயிடும்."

அவள் குரலில் எதுவும் இல்லை. விபத்து நடந்த இடத்தில் நின்று கேள்வி கேட்கிற குரல். நகராட்சி உறுப்பினர் கர்ட்டிஸைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். வராது என்று சொன்னால் பேசிய பேச்சு பொய். வரும் என்றால் பலகை.

கர்ட்டிஸ் பலகையை எடுத்துவரக் காருக்குப் போனார். கொடுக்கும்போது படம் எடுத்தார்கள். இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலையே பலகையை வேலியில் அறைந்தோம். அடுத்த வாரம் நகராட்சி ஆள் விதை மூட்டையோடு வந்தார். பலகையைப் படித்தார். எட்டி மரத்தடியைப் பார்த்தார். மறுபடி பலகையைப் படித்தார்.

"இங்கே என்ன இருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"உயிரினங்கள்" என்றேன்.

"எங்கே?"

"உங்களுக்குத் தெரியாது. அதுக்குச் சங்கத்துல இருக்கணும்."

அவர் மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை கர்ட்டிஸ் வந்தார். மூன்று தொட்டிகள், ஒவ்வொன்றிலும் நீல ரிப்பன். தேவாலயத்து ஆஸ்டரிலிருந்து கவனமாகப் பிரித்து எடுத்ததாம். இயற்கைக்கு ஒரு கை கொடுப்பதில் தப்பில்லை என்றார்.

பெர்னி முதல் தொட்டியை வாங்கினாள். இலையைப் புரட்டிப் பார்த்தாள். பூவில் ஒரு தேனீ ஒட்டிக்கொண்டே வந்திருந்தது.

எப்படி நட வேண்டும் என்று கர்ட்டிஸ் விளக்கினார். எவ்வளவு ஆழம், எவ்வளவு நிழல், எப்போது தண்ணீர். பெர்னி தன் சொந்தச் செடியைக் கையில் ஏந்திக்கொண்டு முழுவதையும் கேட்டாள். நடுவில் ஒரு சந்தேகம்கூடக் கேட்டாள். நான் வீட்டுக்குள் போய்விடலாமா என்று பார்த்தேன். முடிவு தெரியாமல் போக மனம் வரவில்லை.

"ரொம்ப நன்றி, கர்ட்டிஸ்."

"பக்கத்துல மறுபடி பூண்டுக் கடுகு தலைகாட்டினா உடனே கூப்பிடுங்க. நாங்க வந்து பார்த்துக்கறோம்."

"கூப்பிடறேன்" என்றாள் பெர்னி. "வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம்."