டோரீனுக்கு மட்டும்

கணவர் டென்சிலின் டை கோணலாகவே நின்றது. டோரீன் மறுபடியும் முடிச்சை அவிழ்த்தாள். உயிரோடு இருந்தவரை கண்ணாடி முன்னால் தினமும் இதே சண்டைதான். இன்றைக்கு எதிர்த்துப் பேச ஆளில்லாததால் சுவாரசியமே இல்லை.

சர்ச் கொயர் மாஸ்டராகப் பாடகர்களை ஆயுள் முழுக்க மிரட்டி வைத்திருந்த மனிதர், ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டு ஹாலில் பெட்டிக்குள் சாதுவாகப் படுத்திருந்தார். ஃபாதர் ஜெபத்தை முடித்துவிட்டார். பெட்டியை மூடுவதற்கு முன் தான் ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்று டோரீன் கேட்டு வைத்திருந்தாள். அவளுடைய பாட்டு. புற்றுநோய்க்கு மருந்தேற்றி, முடி கொட்டி, சோற்றைக் கண்டாலே குமட்டிய நாட்களில், கட்டிலோரம் உட்கார்ந்து டென்சில் அவளுக்காகக் கட்டியது:

கரண்டு போனா என்ன, டோரீன்? தீப்பெட்டியைத் தேடு;
கைக்கு அது சிக்கும்வரை இருட்டோடு பாடு.

கவிதை என்று சொன்னால் கவிஞர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து நடந்தாள். ஒரு புடவைகூடத் தானாகத் தேர்ந்தெடுத்துத் தராத மனிதர், பாட்டில் அவள் பெயரை வைத்துத் தைத்துக் கொடுத்தாரே, போதாதா!

முன்பு மாடியில் குடியிருந்த ஜூலியா, எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து டிராஃபிக்கைத் தாண்டி அழுதுகொண்டே வந்து சேர்ந்தாள். பெட்டியைப் பிடித்துக்கொண்டு, விசும்பலுக்கு நடுவே முணுமுணுத்தாள்.

"கரண்டு போனா என்ன, ஜூலியா..."

டோரீனின் கை டையிலேயே நின்றது.

"என்னம்மா பாடுற?"

"அங்கிள் எனக்காக எழுதின பாட்டு, ஆன்ட்டி. என் கல்யாணம் நின்னு போச்சுல்ல, அப்போ. உங்களுக்கு உடம்பு முடியாம போறதுக்கு முந்தின வருஷம். சொல்லலையா?"

"சொல்லல."

அப்படியானால் தன்னுடையது செகண்ட் ஹேண்ட். டோரீன் கணவரின் முகத்தைப் பார்த்தாள். பதில் சொல்லும் முகமாக இல்லை.

கொயரில் பாடும் கிளிஃபர்ட் பின்னாலிருந்து தொண்டையைச் செருமினான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. வேலை போயி நான் குடிச்சிட்டுத் திரிஞ்சப்போ, மாஸ்டர் எனக்கும் பாடினாரு. அது இன்னும் பழசு."

"கிளிஃபர்ட்னு போட்டா மெட்டுல இடிக்குமேடா?"

"கிளிஃபூன்னு இழுத்துடுவாரு, அக்கா."

யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றினார்கள்.

ஒருத்தியோடு தொடர்பு என்றால் சட்டையைப் பிடித்துச் சண்டை போடலாம். இதை யாரிடம் போய்ச் சொல்வது? ஊரெல்லாம் போட்டுக் கழற்றிய உடுப்பை, பட்டனை மட்டும் மாற்றி, உனக்கென்றே தைத்தது என்று மாட்டிவிட்டிருக்கிறார். அவளும் இத்தனை வருஷமாக அதைப் போட்டு மினுக்கியிருக்கிறாள்.

"அக்கா, பாட்டு...?"

"நான் பாடல. பாட்டுக்குச் சொந்தக்காரங்க இத்தனை பேர் இருக்கீங்களே, நீங்களே பாடிக்குங்க."

பெட்டிக்காரர் மூடியைத் தூக்கினார். கிளிஃபர்ட் தயங்கி ஆரம்பித்தான், ஜூலியாவும் சேர்ந்துகொண்டாள். "கரண்டு போனா என்ன..." பெயர் வரும் இடத்தில் இரண்டு குரலும் நின்றன. ஹாலில் எல்லோரும் டோரீனைப் பார்த்தார்கள்.

டோரீன் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

"சுருதி ஏறிப்போச்சுடா, கிளிஃபர்ட். முதல்லேர்ந்து எடு."

பெட்டிக்காரர் மூடியை மறுபடி சுவரில் சாய்த்து வைத்தார்.