மாரி ராவியது

கண்ணாடிப் பெட்டியின் மேல் விழுந்த மாலையை டில்லிபாபு ஓரமாக நகர்த்தினான். மனைவியின் முகம் மறைந்திருந்தது. டெங்கு என்று சொன்ன மறுநாளே சந்தனமாரி போய்விட்டாள். கம்பெனியின் அசெம்பிளி லைனில் அவளோடு வேலை செய்த பெண்கள் பஸ்ஸிலிருந்து சீருடையோடு இறங்கி வந்து அழுதுவிட்டு, ஷிப்டுக்குக் கிளம்பிப் போயிருந்தார்கள்.

அடுத்து வந்தவர் கோதண்டம் சார். பாலிடெக்னிக்கில் இருவருக்கும் பட்டறை வாத்தியார்.

"அமைதியான பொண்ணு. நோட்டெல்லாம் அழகா எழுதும்," என்றார்.

டில்லி தலையாட்டினான்.

"பரீட்சைக்கு நீ ராவுன ஜாப்ப இன்னும் ஷோகேஸ்ல வெச்சிகிறேன்பா. கைய கிழிக்காம மூலைய மழுக்கியிருக்க பாரு, அதத்தான் வர்ற பசங்களுக்குக் காட்டுறேன்."

இரண்டு இரும்புத் துண்டுகளை அரத்தால் ராவி ஒன்றுக்குள் ஒன்று பொருத்த வேண்டும். தூக்கிப் பார்த்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியக் கூடாது. முதல் தேர்வில் மாரியினுடையதில் தெரியவில்லை. "எந்தப் பையன் ராவிக் குடுத்தான்?" என்று சிரித்தபடி சார் ஐம்பதுக்கு முப்பத்தொன்று போட்டார். வெளிச்சம் தெரிந்த டில்லியினுடையதற்கு நாற்பது.

அடுத்த தேர்வில், துண்டின்மேல் தேர்வு எண்ணைக் குத்தப்போகும்போது மாரி கிசுகிசுத்தாள். "உன் நம்பர என் துண்டுல குத்து, என் நம்பர உன் துண்டுல குத்துதேன். என்ன போடுதாருன்னு பாப்பம்."

அவன் எண்ணுக்கு நாற்பத்தெட்டு. அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அந்த மதிப்பெண்ணோடு அவன் ஒரகடம் கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலைக்குப் போனான். அவள் லைனுக்கு.

வாசலில் பாடை கட்டியாகிவிட்டது. "டைம் ஆவுது டில்லி. தூக்கிடலாமா?" என்றார் ரகு சித்தப்பா.

"இரு சித்தப்பா."

அவள் வீட்டில் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

"சார், அந்த ஜாப் மாரி செஞ்சது."

கோதண்டம் அவன் தோளைத் தட்டினார். "துக்கத்துல அப்டித்தான் பேசத் தோணும். வுடுப்பா."

டில்லி உள்ளே போனான். அறைக்கதவு காற்றில் அடிக்காமலிருக்க மாரி முட்டுக் கொடுத்திருந்த, ஒன்றுக்குள் ஒன்று பொருந்திய இரும்பை எடுத்து வந்தான். முதல் தேர்வில் அவள் ராவியது, அவள் எண் குத்தியது. அதை சாரின் கையில் வைத்தான்.

பழக்கதோஷத்தில் அவர் அதை வாசல் வெயிலுக்கு நேராகத் தூக்கி ஒரு கண்ணை மூடினார். பிறகு கட்டைவிரல் மெல்ல நகர்ந்து, மழுக்கிய மூலையில் நின்றது.

உள்ளே அறைக்கதவு படாரென்று அடித்துக்கொண்டது. சார் கையை இறக்கவில்லை.