அரக்கு நிறக் கார்

பெட்டியின் மூலையில் ஒட்டியிருந்த விலை ஆறரை சிங்கப்பூர் வெள்ளி. கடையில் எதற்கும் மூன்று விலை சொல்லத் தெரிந்த பட்டு வியாபாரி கோதண்டபாணிக்கு அதற்கு மட்டும் விலை சொல்ல நாக்கு எழவில்லை. சிங்கப்பூரில் இருந்த தம்பி பரசுராமன் சாவதற்குச் சில நாள் முன் தபாலில் போட்ட பெட்டி அது. அவன் மாரடைப்பில் போய்விட்டான் என்று கோதண்டபாணி எல்லோருக்கும் சொன்ன பதினோராம் நாள் வந்து சேர்ந்தது.

உள்ளே ஒரு பிளாஸ்டிக் கார், காரோட்டிப் பொம்மையும் சேர்த்து ஐம்பத்தேழு வெள்ளைத் துண்டுகளாக. கூடவே, பரசுராமன் தன் அரக்கு நிறக் காரில் சாய்ந்து நிற்கும் போட்டோ. முதல் தெவசத்துக்கு அதே நிறத்தில் இந்தக் கார் தம்பியின் படத்தின்முன் நிற்கவேண்டும் என்று வியாபாரி முடிவு கட்டினார். பெயின்ட் கடைச் சிவப்பு எதுவும் ஒத்துவரவில்லை. சாயக்காரர் கலியாணசுந்தரத்துக்கு ஆள் அனுப்பினார்.

"கலருன்னா நீதான்பா. ஒரு துண்டு கெட்டாலும் நம்ம நூலு இனிமே வேற அண்டாவுக்குப் போவும்," என்றார், வெற்றிலை நீட்டுகிற அதே குரலில்.

கலியாணசுந்தரத்தின் வீட்டில் உலை கொதிப்பதே அந்த நூலால்தான். பட்டு கொதியில்தான் நிறம் பிடிக்கும். பிடிக்காவிட்டால் அடுப்பைத் தூண்ட வேண்டும். முப்பது வருஷப் பழக்கம் கையை நடத்தியது. காரின் மேல்கூட்டைக் கம்பியில் மாட்டி அண்டாவில் இறக்கினார். நிறம் ஏறவில்லை. இன்னும் விறகு தள்ளினார்.

தூக்கியபோது போட்டோவில் இருந்த அதே அரக்கு. ஆனால் ஓட்டுகிறவர் பக்கத்துக் கூரை மெழுகாய்த் தொங்கி உள்ளே இறங்கியிருந்தது. கரண்டிக் காம்பால் நிமிர்த்தப் போனார். மொறுக்கென்றது. கை தானாகப் பின்வாங்கியது. மனைவி நீலாம்பாள் எட்டிப் பார்த்தாள். பானையில் எத்தனை படி அரிசி இருக்கிறது என்று பார்க்கப் போய்விட்டாள்.

மற்றதையெல்லாம் ஒட்டி முடித்தார். காரோட்டிப் பொம்மைக்குத்தான் தலை வைக்க இடமில்லை. அதை வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டார்.

தெவசத்தன்று பரசுராமனின் மனைவி கிருஷ்ணவேணி படத்தருகே நின்றிருந்தாள். கலியாணசுந்தரம் காரை வைத்தார். வசவுக்குக் காத்திருந்தார். வியாபாரியின் முகத்தில் கோபம் இல்லை, ரத்தமே இல்லை.

"இத உனக்கு யாருபா சொன்னது?"

"எதுங்க?"

"தம்பி வண்டி இந்தப் பக்கந்தான் நசுங்குச்சுன்னு."

யாரோ சொல்லித்தான் வேண்டுமென்றே நசுக்கினேன் என்று கலியாணசுந்தரம் பொய் ஒன்று சொன்னால் நூல் தப்பும். யார் பெயரைச் சொல்வது?

"யாரும் சொல்லலீங்க. கொதியில வச்சிட்டேன். அதுவா தொங்கிடுச்சு."

தன் வாயாலேயே உளறிவிட்டது வியாபாரிக்கு அப்போதுதான் உறைத்தது. கிருஷ்ணவேணி காரிலிருந்து கண்ணை எடுக்காமலே அவரைக் கேட்டாள்.

"எனக்குங்கூட யாரும் சொல்லல, இல்ல மாமா?"

அவள் சாயக்காரர் பக்கம் திரும்பினாள். "ஓட்டறவரு எங்க?"

அவர் மடிப்பின் முடிச்சை அவிழ்த்துப் பொம்மையை எடுத்துக் கொடுத்தார். அவள் வாங்கி விரல்களை மூடிக்கொண்டாள்.

நூல் இனி வருமா என்று கேட்கக் கலியாணசுந்தரத்துக்குத் தைரியம் வரவில்லை. கோதண்டபாணியோ, வேறெங்கே பார்ப்பதென்று தெரியாமல், பெட்டியோடு வந்த துண்டுப் பட்டியலை எடுத்து விரல் வைத்து எண்ணத் தொடங்கினார். வண்டியில் ஐம்பத்தாறு. கிருஷ்ணவேணியின் மூடிய கையில் ஒன்று. ஆக ஐம்பத்தேழு; ஒரு துண்டும் குறையவில்லை.