ஐம்பதடிச் சுருள்

மகன் கல்யாணத்தில் எடுத்த ஸ்லைடுகள் நாற்பத்திரண்டு. அவற்றைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாகச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, அட்டைச் சட்டத்தில் பென்சிலால் எண் எழுதினேன். முதலில் கோயில், பிறகு மாப்பிள்ளை அழைப்பு, தாலி, பந்தி. இரண்டை மட்டும் எண் போடாமல் எடுத்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மகள் அதைப் பார்த்தாள். அந்த இரண்டிலும், அழைக்காமலே வந்த என் தங்கை ருக்மணி இருந்தாள்.

ருக்மணி மலாக்காவில் இதே காஜா பெராங்கில், எங்கள் வீட்டிலிருந்து நான்கு சந்து தள்ளி, ஒரு மலாக்கா செட்டி குடும்பத்தில் வாழ்கிறாள். பல தலைமுறையாக மலாய் பேசி, தமிழ் மறந்த வீடு. யாரையும் கேட்காமல் அவளே தேடிக்கொண்ட மாப்பிள்ளை. பதினைந்து வருடமாக நான் அவளோடு பேசவில்லை. சிரம்பான் பொன்னுதுரை குடும்பம் என் மகள் கமலவேணியைப் பெண் கேட்டு வந்தபோது, எனக்கு உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று விசாரித்தார்கள். ஒரே தங்கை, ஜப்பான்காரன் காலத்தில் காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொன்னேன். சொன்ன பிறகு அந்தச் சொல் என் வீட்டுச் சுவர்களில் ஒன்றாகிவிட்டது. அதை இடித்துக்கொண்டு வெளியே வர வழியில்லை.

ஸ்லைடோடு ஒரு சினிமாச் சுருளும் இருந்தது. ஐம்பதடி. மகனின் நண்பன் பிடித்தது. பொன்னுதுரையின் மனைவி சிவகாமசுந்தரி அதைக் கேள்விப்பட்டு, சம்பந்தத்தை உறுதி செய்ய வரும் நாளில் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார். மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள்.

சுருளை விளக்கருகே பிடித்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். நெல்மணி அளவுப் படங்கள். முகம் தெரியவில்லை. பண்டார் ஹிலிரில் படக்கடை வைத்திருக்கும் மருதப்பனிடம் போனேன்.

“இதுல வேண்டாத எடம் ஏதாவது இருந்தா எடுத்துடலாமா?”

“ஸ்லைடுன்னா உருவிடலாம் ஐயா. பிலிம் சூசாங்க, கஷ்டம். வெட்டி ஒட்டணும். எந்த எடம்னு காட்டுங்க, ஓட்டிப் பாத்து வெட்டித் தரேன். யாரு அதுல?”

சுருளைப் பையில் போட்டுக்கொண்டு, “சும்மாத்தான் கேட்டேன்” என்று திரும்பிவிட்டேன்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்குச் சிரம்பான்காரர்கள் வந்தார்கள். கமலவேணிக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. அவள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் மூன்று நாளாகக் கூட்டிய வீட்டையே கூட்டிக்கொண்டிருந்தாள். வெளிச்சம் வராமலிருக்கச் சன்னல்களைச் சாத்திக் கம்பளிகளைத் தொங்கவிட்டோம். கூடம் அடுப்புப் போலக் காய்ந்தது. பொன்னுதுரைக்கும் சிவகாமசுந்தரிக்கும் நடுவில் எனக்கு நாற்காலி. கதவுக்கு முன்னால், படம் காட்ட வந்த மருதப்பனின் மேசையும் கருவியும். எழுந்து போக வேண்டுமென்றால் யாரையாவது தாண்டித்தான் போக வேண்டும்.

மருதப்பன் முதல் ஸ்லைடைச் செருகினார்.

“என்னாங்க, கோயிலத் தலகீழா சொருவுறீங்க?” என்றார் பொன்னுதுரை.

“அப்பத்தான் செவுத்துல நேரா வரும் ஐயா.”

“எங்க ஆபீஸ் பெரியவரும் அப்படித்தான் லா. தலகீழா தொங்குனாத்தான் வேல நேரா நடக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்லைடுகள் நான் அடுக்கிய வரிசையில் ஒழுங்காக வந்தன. பொன்னுதுரையின் பையன் முகத்தில் நல்ல நிறைவு தெரிந்தது. பிறகு சுருள் ஓடத் தொடங்கியது. ஊர்வலம், மேளக்காரர்கள், பந்தலில் இன்னும் கழற்றாத மெர்டேக்கா சுதந்திர விழாக் கொடிகள். அடுத்து மண்டப வாசல் வந்தது. வாசலில் நான் நின்றேன். அன்று அங்கே என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியும்.

சுவரின் ஓரத்திலிருந்து ருக்மணி வந்தாள். என் காலடியில் குனிந்தாள்.

“நிறுத்து!” என்று கத்தினேன்.

ஸ்லைடைப் போல அதை அப்படியே உருவிவிடலாம் என்று அந்த நொடியில் நினைத்தேன் போலிருக்கிறது. மருதப்பன் பதறிச் சுருளை நிறுத்தினார். விளக்கு அணையவில்லை. ஓடிக் கடந்திருக்க வேண்டிய அவள், சுவர் முழுவதும் நின்றுவிட்டாள். தரையில் விரித்த அவள் இரண்டு கைகளும், அவற்றிலிருந்து ஒரு சாண் பின்னுக்கு இழுத்த என் பாதங்களும். எங்கள் தகப்பனாரிடமிருந்து வந்த என் நெற்றி, என் மூக்கு, அப்படியே அவள் முகத்தில். பிறகு நடுவில் ஒரு பழுப்புப் புள்ளி தோன்றிக் குமிழியிட்டுப் பரவியது.

“ஐயோ, பிலிம் நின்னா வெந்துடும் ஐயா!” மருதப்பன் விளக்கை அணைத்தார். கருகிய நெடி இருட்டில் நின்றது.

“அந்தம்மா யாரு?” என்றார் சிவகாமசுந்தரி.

வேலைக்காரி என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என் தகப்பனாரின் முகத்தை வேலைக்காரி என்று சொன்னதாகும். கமலவேணி காப்பித் தட்டோடு சமையலறை வாசல் வெளிச்சத்தில் நிற்பது தெரிந்தது.

“என் தங்கை.”

“எந்தத் தங்கச்சி?”

“எனக்கு ஒரே தங்கைதான்.”

“செத்துப்போனவங்க நல்லாத்தான் கல்யாணத்துக்கு வந்திருக்காங்க” என்றார் அவர்.

பொன்னுதுரை சிரிக்கவில்லை. “அவங்க யாரக் கட்டிக்கிட்டாங்கங்கிறது எங்களுக்குப் பெரிசில்லீங்க, கணேசமூர்த்தி. இருக்கிறவங்களப் போயிட்டாங்கன்னு சொல்லிட்டீங்களே. நாளைக்கு எங்க வீட்டப் பத்தி நீங்க என்னா சொன்னாலும் நான் எப்படி நம்புறது?”

அவர்கள் கிளம்பிப் போனார்கள். தாம்பூலத் தட்டு மாற்றாமல் மேசையில் வைத்தபடியே இருந்தது. கம்பளிகளைக் கமலவேணி ஒவ்வொன்றாக இறக்கினாள். பிறகு என் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

“அந்த ரெண்டையும் குடுங்கப்பா.”

கொடுத்தேன். சட்டத்தில் எண் இல்லாததால், படத்தைப் பார்த்து, எது எதற்குப் பின்னால் வரும் என்று யோசித்து, பெட்டியில் அதனதன் இடத்தில் செருகினாள். பத்து நாளில் சிரம்பானிலிருந்து கடிதம் வந்தது. இரண்டே வரி. பையனுக்கு வேறு இடம் பார்த்துவிட்டார்களாம்.

அதற்கடுத்த வாரம் சுருளை மருதப்பனிடம் கொண்டுபோய், வெந்த இடத்தோடு அவள் வரும் இடம் முழுவதையும் வெட்டச் சொன்னேன். இப்போது அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை. வெட்டி ஒட்டிவிட்டு, சரியாக இருக்கிறதா என்று கடையின் பின்னறையில் ஓட்டிக் காட்டினார்.

ஊர்வலம் வந்தது. மண்டப வாசல் வந்தது. நான் நின்றேன். ஒரு சிறு வெட்டு. கேமரா அவளை விட்டு என்னைத் தொடர்ந்திருக்கிறது. எதிரே ஒருவரும் இல்லாத தரையைப் பார்த்தபடி நான் இரண்டு அடி, மூன்று அடி பின்னால் போகிறேன்.

“இப்ப பரவால்லீங்களா ஐயா?” என்று கேட்டார் மருதப்பன்.